ஞானஸ்நானப் பதிவேடும் சாதிச் சான்றிதழும்: நம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்?



ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் மறைந்தார். சங்க இலக்கியத்தையும் அயோத்திதாசரையும் தலித் பண்பாட்டையும் குறித்து அவர் எழுதிய ஆய்வு நூல்களைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறார்கள். அவருடைய நாவல் எழுப்பிய கேள்வி ஒன்றை மட்டும் நாம் இன்று எடுத்துக்கொள்கிறோம். 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வெளிவந்தது. கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்து, கோயிலிலும் கிறிஸ்தவப் பள்ளியிலும் வளர்ந்து, பட்டம் பெற்று, வேலை கிடைக்காமல் அலைந்த ஒருவன், கடைசியில் இந்துவாக மாறிச் சான்றிதழ் வாங்குகிறான். நாவல் அங்கே முடிகிறது. நாவலின் முடிவைப் பலர் சிரித்துக்கொண்டே படித்தார்கள். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் குடியிருக்கும் தலித் கத்தோலிக்கப் பெற்றோருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அது ஒவ்வொரு ஜூன் மாதமும் வந்து வாசலில் நிற்கிற கேள்வி.

சிலுவைராஜ் தன் ஒருவனுக்காக முடிவெடுத்தான். பெற்றோர் முடிவெடுப்பது இன்னொரு உயிருக்காக. பிறந்த குழந்தையைத் தொட்டியருகே கொண்டுபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றலாமா, அந்தப் பெயரைக் கோயில் பதிவேட்டில் எழுத விடலாமா, பள்ளியில் சேர்க்கும்போது மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது, பத்து வயதில் புதுநன்மைக்கு அனுப்புவதா என்று ஒவ்வொரு படியிலும் அவர்கள் நின்று யோசிக்கிறார்கள். கத்தோலிக்கராக வளர்ந்த பெற்றோர் திருச்சபையில் இருப்பதா, வெளியேறுவதா என்ற கேள்வி உலகம் முழுவதும் இருக்கிறது. நம் சேரிகளிலிருந்து வந்தவர்களுக்கு அதன் விலை வேறு. அந்த விலையைத்தான் இன்று கணக்குப் பார்க்க விரும்புகிறோம்.

தாம்பரமும் இந்தக் கேள்வியும்

தாம்பரத்துக்கு மதமாற்றக் கேள்வியோடு பழைய உறவு உண்டு. 1938 டிசம்பரில், கிழக்குத் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில், உலகெங்கிலுமிருந்து புரொட்டஸ்டன்ட் திருச்சபைகளின் ஆட்கள் வந்து கூடினார்கள். மற்ற மதங்களோடு கிறிஸ்தவத்துக்கு என்ன உறவு என்பது அந்த மாநாட்டின் பெரிய விவாதம். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1935 அக்டோபரில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று இயோலாவில் அம்பேத்கர் அறிவித்திருந்தார். அவர் எந்தப் பக்கம் போவார் என்று எல்லா மதத்தாரும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அதே தாம்பரத்தின் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே உள்ள மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். 1898இல் பௌத்தத்தைத் தழுவி, அதுவே நம் பூர்வீக மதம் என்று வாதாடியவர் அவர். மருந்துச் சீட்டுக்காக அங்கே வரிசையில் நிற்பவர்களில் எத்தனையோ ஆரோக்கியசாமிகளும் அந்தோணியம்மாள்களும் இருக்கிறார்கள்.

திருச்சபைக் கணக்குப்படி இந்தப் பகுதி 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் முதல் ஆயர் நீதிநாதன் தலித் சமூகத்திலிருந்து வந்தவர். பரங்கிமலை மலைக்கோயிலும் இதற்குள்தான் வருகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்சார ரயில் வந்தது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல் ஆலையும் பல்லாவரத்துத் தோல் தொட்டிகளும் நம்மவர்களை இங்கே இழுத்தன. 1984இல் வந்த ஏற்றுமதி மண்டலம் பெண்களை இழுத்தது. விழுப்புரம், கடலூர், செய்யூர், மதுராந்தகம், திருச்சி, சிவகங்கை என்று ஊர் ஊராகக் கிளம்பி வந்தவர்கள் ஒரே பங்கில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

புறநகர்க் கோயிலில் யாரும் யாரையும் எழுந்து பின்னால் போய் உட்கார் என்று சொல்வதில்லை. ஊரில் அது இருந்தது. இங்கே அன்பியக் கூட்டம் மாறி மாறி எல்லா வீட்டிலும் நடக்கிறது. காப்பி குடிப்பவர்களும் உண்டு, விரதம் என்று சொல்லித் தப்பிப்பவர்களும் உண்டு. சாதி வெளியே வருகிற நேரங்கள் வேறு. பெண் பார்க்கும்போது, "உங்களுக்குச் சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு" என்ற கேள்வியில் அது வருகிறது. பங்குப் பேரவைக்கு ஆள் எடுக்கும்போது வருகிறது. சாவு விழுந்து உடலை ஊருக்குக் கொண்டுபோகும்போது, எந்தத் தெரு வழியாகக் கொண்டுபோவது, எந்தக் கல்லறையில் வைப்பது என்பதில் முழு உருவத்தோடு வருகிறது. தாம்பரத்தில் இருக்கும் வரை கத்தோலிக்கராக இருந்தவர், ஊர் எல்லையைத் தொட்டதும் பறையராகவோ பள்ளராகவோ சக்கிலியராகவோ ஆகிவிடுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட ஆணை, பட்டியல் சாதிகள் எவை என்று வரையறுத்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவரைப் பட்டியல் சாதியினராகக் கருதக் கூடாது என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. அதனால்தான் ஆகஸ்ட் 10ஐத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல ஒரு வழக்கு போதும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்த இந்துவுக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. கையில் ஊசியும் எதிரில் பிய்ந்த செருப்புமாக உட்கார்ந்திருந்தவரிடம் ஆதாரம் கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 26.5 விழுக்காட்டுக்குள், நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளோடு போட்டி. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் இடமில்லை. தனித் தொகுதியில் நிற்க முடியாது, தனி ஊராட்சியில் தலைவராக முடியாது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குத் துணைக்கு வராது. கல்வி உதவித்தொகையில் மட்டும் மாநில அரசு மதம் மாறிய ஆதிதிராவிடர்களையும் சேர்த்துக்கொள்கிறது. தெருவில் அடிக்கிறவன் மதம் கேட்டு அடிப்பதில்லை. காவல் நிலையத்தில்தான் மதம் கேட்கிறார்கள்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியல் சாதி நிலையையும் பிரித்துவிடலாம் என்று 2007இல் பரிந்துரைத்தது. 2004இல் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. அதற்கும் கால நீட்டிப்பு, மேலும் கால நீட்டிப்பு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்து முடித்து, வயது வரம்பைத் தாண்டி, இப்போது தங்கள் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடைவெளியில் பெற்றோர் கண்டுபிடித்த வழிதான் இரண்டு பெயர். கோயில் பதிவேட்டில் ஒரு புனிதரின் பெயர், பள்ளிப் பதிவேட்டில் மதம் தெரியாத ஒரு தமிழ்ப் பெயர். வீட்டில் மாதா படம், சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். இதைச் செய்யாத தெரு நம்மில் உண்டா? பங்குத்தந்தைக்கும் தெரியும், தலைமையாசிரியருக்கும் தெரியும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தெரியும்.

இனி அதுவும் எளிதல்ல. 2015இல் கே.பி. மனு வழக்கில், தாத்தா காலத்தில் மதம் மாறிய குடும்பத்தைச் சேர்ந்தவர் தாய்மதம் திரும்பி, அந்தச் சாதியாரும் ஏற்றுக்கொண்டால் பட்டியல் சாதி உரிமை திரும்பக் கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 நவம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு வேறொரு வாசலைக் காட்டியது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், அரசு எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவு அவருக்கு எதிரான சான்றாக முன்னால் வந்தது. கோயிலுக்கும் போய்க்கொண்டு, இந்து என்றும் சொல்லிக்கொண்டு, வேலைக்காகச் சான்றிதழ் கேட்பது அரசமைப்பின் மீது செய்யும் மோசடி என்று நீதிமன்றம் கடுமையாகச் சொல்லிவிட்டது.

கவனியுங்கள். அந்தப் பதிவை எழுதச் சொன்னது குழந்தை அல்ல. தாயும் தகப்பனும் ஆசையாக, புதுத்துணி போட்டு, சொந்தக்காரர்களுக்குச் சோறு போட்டுச் செய்த காரியம், அந்தக் குழந்தை வளர்ந்து வேலை கேட்டபோது குறுக்கே வந்து நின்றது. ஞானஸ்நானப் பதிவேடு இனிக் கோயில் அலமாரியில் மட்டும் இருக்கும் நோட்டு அல்ல. பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

திருச்சபை என்ன செய்தது

மதம் மாறினால் சாதி போய்விட்டது என்கிறது அரசு. போகவில்லை என்பதற்குத் திருச்சபையின் வரலாறே சாட்சி. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசி போல வாழ்ந்தார். அவருக்குப் பின் சேசு சபையார் மேல்சாதிகளுக்குச் சந்நியாசிகள், கீழ்சாதிகளுக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களையே இரண்டாகப் பிரித்தார்கள். பறையர் வீட்டுக்குப் போய் நோயாளிக்கு அவஸ்தை கொடுக்க மறுத்த குருக்கள் இருந்தார்கள். ரோமாபுரி அதைக் கண்டித்தது. கடைசியில் 1744இல் கிடைத்த தீர்வு என்ன? பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்கள். சாதியை ஒழிக்க முடியாதபோது அதற்கு ஒரு நிர்வாக ஏற்பாடு செய்தார்கள்.

அந்த ஏற்பாட்டின் வாரிசுகள் இன்றும் இருக்கின்றன. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித்துகளை மற்றவர்களிடமிருந்து பிரித்து நின்ற சுவரைப் பற்றி இந்த அவைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எறையூரில் 2008 மார்ச்சில் நடந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். வன்னியக் கிறிஸ்தவர்களின் கட்டுப்பாட்டிலிருந்த ஜெபமாலை அன்னை ஆலயத்தில் மரியாதை கிடைக்காத தலித் கத்தோலிக்கர்கள், தாங்கள் எழுப்பிய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். அதற்காக அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். 2025இல் கூட, திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் பங்கில் நடக்கும் பாகுபாட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்.

திருச்சபையின் ஆவணங்கள் நன்றாகவே பேசுகின்றன. 1990இல் தமிழக ஆயர்கள் தலித்துகளுக்கான பத்து அம்சத் திட்டத்தை அறிவித்தார்கள். 2003 நவம்பரில் ரோமாபுரி போன தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் அது சொன்னது. 2022இல் ஆந்திரத்தின் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். அதே ஆண்டில் புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குப் பேராயர் நியமிக்கப்பட்டபோது, தலித்துகள் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் ஏன் தலித் இல்லை என்று நம் மக்கள் கறுப்புக்கொடி பிடித்தார்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அரசு சொல்கிறது: நீ கிறிஸ்தவன், ஆகவே உனக்குச் சாதி இல்லை, ஆகவே சலுகை இல்லை. கல்லறை சொல்கிறது: நீ கிறிஸ்தவனாக இருக்கலாம், ஆனால் உனக்குச் சாதி இருக்கிறது, ஆகவே சுவருக்கு அந்தப் பக்கம் போ. இந்த இரண்டு வாய்களுக்கு நடுவில்தான் நம் பெற்றோர் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஏன் இருக்கிறார்கள்

ஜெர்மனியில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 5 லட்சத்துக்கும் அதிகமான கத்தோலிக்கர் திருச்சபையை விட்டு வெளியேறினார்கள். அங்கே அரசு அலுவலகத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். சம்பளத்தில் பிடிக்கும் கோயில் வரியும் நின்றுவிடும். அயர்லாந்தில், பள்ளி இடத்துக்காகவே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பெற்றோர் பலர் இருந்தார்கள். 2018இல் அந்த நாட்டுச் சட்டம், கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகள் சேர்க்கையில் மதத்தைப் பார்க்கக் கூடாது என்றது. அவர்களுடைய கேள்வி விசுவாசமா, வசதியா என்பது. நமக்கு அந்தக் கேள்வியும் இருக்கிறது. இங்கேயும் கத்தோலிக்கப் பள்ளி இடத்துக்குப் பங்குத்தந்தையின் கடிதம் உதவுகிறது. ஆனால் நம் ஆட்கள் இருப்பதற்கு அதைவிடப் பெரிய காரணங்கள் உண்டு.

முதல் காரணம், நம் பாட்டிகள். பஞ்ச காலத்தில் கஞ்சிக்காக மாறினார்கள் என்று நம் முன்னோரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. கஞ்சிக்காகவே இருக்கட்டும். கஞ்சி கொடுக்காத மதத்தை விட்டு, கொடுத்த மதத்துக்குப் போனதில் என்ன குற்றம்? கஞ்சியோடு எழுத்தும் வந்தது. மந்திரம் கற்றுக்கொடுக்க வந்த உபதேசியார் பெயர் எழுதவும் கற்றுக்கொடுத்தார். ஊர்க்கோயில் வாசலில் நிற்க விடாதவர்களின் பிள்ளைகள் பீடத்தருகே மணி அடித்தார்கள். அது பாதி மரியாதைதான். பாதி மரியாதையையும் அதற்கு முன் யாரும் தந்ததில்லை.

இரண்டாவது காரணம், அந்தக் கோயில்களைக் கட்டியது நாம். கல் சுமந்ததும் சுண்ணாம்பு குழைத்ததும் நம் ஆட்கள். கல்லறைகளில் படுத்திருப்பது நம் தாத்தாக்கள். வெளியேறினால் கோயிலும் பள்ளியும் மருத்துவமனையும் நிலமும், நம்மை ஒதுக்கியவர்களிடமே முழுதாகப் போய்ச் சேரும். எறையூர் மக்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். அவ்வளவு அடிபட்டும் மதத்தை விட்டுப் போகிறோம் என்று சொல்லவில்லை, எங்களுக்குத் தனிப் பங்கு கொடு என்று கேட்டார்கள். இருப்பதா போவதா என்ற கேள்விக்கு அது மூன்றாவது பதில்.

மூன்றாவது காரணம், போராட்டத்தில் கிடைத்த துணை. செங்கல்பட்டு மாவட்டப் பறையர்களின் நிலைமை குறித்து ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்தவை பஞ்சமி நிலங்கள். பறிபோன அந்த நிலத்தைக் காரணையில் மீட்கப் போன போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் மாண்டார்கள். அந்தப் பெயர்களைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று கிறிஸ்தவப் பெயர், ஒன்று இந்துப் பெயர். நிலம் கேட்டபோது அவர்கள் இரண்டு மதமாக நிற்கவில்லை. குண்டும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஏன் போகிறார்கள், எங்கே போகிறார்கள்

வெளியேறுகிறவர்களை நான்கு வழிகளில் பார்க்கிறோம்.

பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போகிறவர்கள் முதல் வகை. முடிச்சூர் பக்கமும் ஊரப்பாக்கம் பக்கமும் ஓட்டுக் கொட்டகையில் தொடங்கி மாடிக் கட்டடமான சபைகள் எத்தனை! நம் பெண்கள் அங்கே எழுந்து நின்று சாட்சி சொல்கிறார்கள், நம் பையன் பாஸ்டராகிறான். பங்கில் நாற்பது ஆண்டு உட்கார்ந்தும் கிடைக்காத ஒலிவாங்கி அங்கே நாலாவது வாரத்தில் கிடைக்கிறது. சான்றிதழ்ச் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. கிறிஸ்தவர் கிறிஸ்தவர்தான்.

தாளில் மட்டும் இந்துவாகிறவர்கள் இரண்டாவது வகை. சிலுவைராஜின் வழி அது. 2024 தீர்ப்புக்குப் பிறகு, தாளில் மட்டும் மாறினால் போதாது, வாழ்க்கையிலும் மாறிக் காட்டு என்று சட்டம் கேட்கிறது. இதில் இருக்கும் கொடுமையைச் சொல்லியாக வேண்டும். எந்த மதம் தீண்டாமையைத் தந்ததோ, அந்த மதத்தின் பக்தன் என்று நிரூபித்தால்தான் தீண்டாமைக்கு நிவாரணம் கிடைக்கும்.

மூன்றாவது வழி பௌத்தம். 1990க்குப் பிறகு பௌத்தத் தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை உண்டு. இந்து என்று பொய் சொல்லாமலும் இருக்கலாம், உரிமையையும் இழக்காமல் இருக்கலாம். அயோத்திதாசரும் அம்பேத்கரும் காட்டிய வழி. ஆனால் 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் 22 உறுதிமொழிகளோடு அந்த மதத்தை ஏற்றார், சான்றிதழுக்காக ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவராக இருந்த குடும்பம் பௌத்தத்துக்குப் போனால் சான்றிதழ் எளிதில் கிடைத்துவிடும் என்று யாரும் ஆசை காட்ட வேண்டாம். அங்கேயும் வட்டாட்சியர் கேள்வி கேட்பார். பௌத்தத்தைப் படித்து, விரும்பி, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நம் வணக்கம்.

நான்காவது வகையினர் எங்கும் போவதில்லை. மெல்ல நின்றுபோகிறார்கள். ஞாயிறு பூசைக்குப் போவது குறைந்து, கிறிஸ்துமஸுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் மட்டும் போகிறார்கள். நவம்பர் 2 அன்று மெழுகுவத்தி ஏற்றத் தவறுவதில்லை. இவர்களைக் கத்தோலிக்கர் என்பதா, இல்லையா? திருச்சபைச் சட்டப்படி ஞானஸ்நானம் அழியாத முத்திரை. வெளியேறினாலும் பதிவேட்டிலிருந்து பெயர் அழிவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் திருச்சபைச் சட்டமும் சாதியும் ஒரே மாதிரி இருக்கின்றன: பிறந்ததும் ஒட்டிக்கொள்ளும், நீ போனாலும் உன்னை விடாது.

நம் எழுத்தாளர்கள் இந்த வழிகளை எழுதிவைத்திருக்கிறார்கள். பாமா துறவறத்தை விட்டு வெளியே வந்து 1992இல் 'கருக்கு' எழுதினார். கன்னியர் மடத்தை விட்டார், இயேசுவை விடவில்லை. ஏழைகள் பக்கம் நின்ற இயேசுவை மடத்துக்கு வெளியே கண்டார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) ஆரோக்கியம், தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நம் தெருவுக்கும் கீழே ஒரு தெருவை நாமே வைத்திருக்கிறோம் என்று அந்த நாவல் சொன்னபோது பலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் கொஞ்சம் ஆறிய பிறகாவது, திருச்சபையைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை நம் வீட்டைப் பார்த்தும் கேட்க வேண்டியிருக்கிறது.

பெற்றோருக்குச் சொல்ல விரும்புவது

இரு என்றோ போ என்றோ சொல்ல இந்த மேடைக்கு உரிமை இல்லை. ஆனால் சில விஷயங்களில் நமக்குத் தெளிவு வேண்டும்.

பிள்ளையின் வேலைக்காக, மதக் கட்டத்தில் வேறு எழுதிய தாயைப் பாவி என்று சொல்ல எந்தப் பீடத்துக்கும் தகுதி இல்லை. சாதியைக் கல்லறைவரை காப்பாற்றிய சபை, சாதிச் சான்றிதழ் கேட்டவளைக் கடிந்துகொள்ள முடியாது. அதேபோல், கடைசிவரை கிறிஸ்தவர் என்றே எழுதி, 18 விழுக்காட்டை இழந்து நின்ற தகப்பனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று கேலி பேச நமக்கும் தகுதி இல்லை. அவர் தோற்றுப்போனதாகத் தெரியலாம். ஆனால் அவரைப் போன்றவர்கள் பொய் சொல்லாமல் நின்றதால்தான் 2004 வழக்குக்கு உயிர் இருக்கிறது. எல்லாரும் தாளில் இந்துவாகிவிட்டால், தலித் கிறிஸ்தவர் என்று யாருமே இல்லை என்று அரசு எழுதிவிடும்.

இருக்கிறவர்கள் சும்மா இருக்கக் கூடாது. சந்தா கட்டுகிறோம், திருநாளுக்கு வரி கொடுக்கிறோம். ஆகவே கணக்குக் கேட்கலாம். நம் மறைமாவட்டப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தலித் கத்தோலிக்கப் பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு பங்கிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லலாம். அரசு தர மறுக்கும் இடஒதுக்கீட்டை, சிறுபான்மை உரிமையோடு நடக்கும் நிறுவனங்களில் திருச்சபை நாளைக்கே தரலாம். அதற்கு எந்த ஆணையத்தின் அறிக்கையும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுக் கொள்கையைப் பங்குப் பேரவையில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்த பங்குகள் எத்தனை என்று அப்போது தெரியும்.

போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். மெல்ல நின்றுபோனால், அவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று பங்கில் முடித்துவிடுவார்கள். ஒரு தாள் எழுதி, இன்ன காரணத்தால் போகிறோம் என்று பங்குத்தந்தையின் கையில் கொடுங்கள். பதிவேட்டிலிருந்து பெயர் அழியாது. அந்தக் காரணமாவது பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். ஏன் இரண்டு பெயர் என்று கேட்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு, "வெளியே சொல்லாதே" என்பது மட்டும் பதிலானால், அது தன் வீட்டைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொள்கிறது. 1950 ஆணையைப் பற்றிச் சொல்லுங்கள். சூசையைப் பற்றிச் சொல்லுங்கள். மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்புகிறீர்களா, அனுப்புங்கள். வந்த பிறகு ஜான் தாமஸ், ஏழுமலை கதையையும் சொல்லுங்கள். பாட்டி ஏன் மாதாவிடம் அழுதாள், தாத்தா ஏன் அம்பேத்கர் படத்தை மாட்டினார் என்று இரண்டும் தெரிந்த பிள்ளை, பதினெட்டு வயதில் தானே முடிவெடுக்கட்டும். அது இருந்தாலும் தெரிந்து இருக்கும். போனாலும் தெரிந்து போகும்.

சிலுவைராஜ் சான்றிதழ் வாங்கியதோடு நாவலை முடித்தார் ராஜ் கௌதமன். அவன் பிள்ளைகளின் சரித்திரம் தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் விழுப்புரத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. அதை எழுத வேண்டியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பெயரோடு வளர்ந்தவர்கள், தங்களுக்கு எந்தப் பெயர் பிடிக்கிறதோ அந்தப் பெயரில் எழுதட்டும்.

ஜெய்பீம்.